புலமையும் பிணியும்: ஓர் அகராதித் தொண்டர் வரலாற்று நூல் பற்றிய ஆய்வு

ஆங்கில மொழியில் அகராதிகள் பலவுண்டு. ஆயினும் ஆக்ஸ்போர்டுப் பேரகராதிக்கு ஒப்பான பிறிதொன்று அம்மொழியில் இல்லை என்பது அறிஞர் பலரும் ஒப்பிய செய்தி. 1857ல் இலண்டன் மாநகரில் மொழிநூற் கழகத்தார் உள்ளத்தில் முளைத்த அவ்வெண்ணம், 1884ல் முதற் பகுதியாக வெளிவந்து, 1928ல்தான் நிறைவெய்திற்று. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஒவ்வொரு சொல்லும் எந்நூலில், எவ்வாண்டில், எப்பொருளில் முதன்முதல் ஆளப்பட்டது என்பதற்கு மேற்கோள்கள். அம்மேற்கோள்களைத் திரட்டித் தந்தோர் சம்பளம் பெற்ற புலவர்கள் அல்லர். நாடெங்கும் இருந்த தன்னார்வத் தொண்டர்கள். அத்தொண்டருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒருவர், கொலை செய்து மனநோயாளர் சிறைமனையில் அடைபட்டுக் கிடந்தவர் என்பதை வைத்து எழுந்ததே சைமன் வின்செஸ்டர் என்பார் 1998ல் வெளியிட்ட "குரோத்தார்ன் அறுவை மருத்துவர்" என்னும் நூல். அமெரிக்காவில் இதற்குப் "பேராசிரியரும் பைத்தியக்காரரும்" என்று பெயர் மாற்றினர். உலகெங்கும் விற்பனையில் உச்சம் தொட்டது. 2019ல் திரைப்படமாகவும் வந்தது.

நூலின் நடையழகைப் புகழ்ந்தோர் பலர். அப்புகழ் தகும். நாம் இங்கே ஆராயப் புகுவது வேறொன்று. கடுமையான மனநோயினால் குற்றம் புரிந்தவன் ஒருவனைப் பற்றி இந்நூல் நமக்கு என்ன கற்பிக்கிறது? கற்பிப்பது சரிதானா? இலட்சக்கணக்கானோர் மனநோயையும் குற்றத்தையும் பற்றிப் படிக்கும் ஒரே நூல் இதுவாகவே இருக்கக்கூடும். ஆதலின் இக்கேள்வி வீண் கேள்வியன்று.

கதையை முதலில் சுருக்கிக் கூறுவோம். வில்லியம் செஸ்டர் மைனர் 1834ல் இலங்கையில் பிறந்தவர். பெற்றோர் அமெரிக்கக் கிறித்தவ ஊழியர். தந்தை ஈஸ்ட்மன் ஸ்ட்ராங் மைனர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தியவர். தமிழர்க்கு அந்த அச்சுக்கூடம் அயலானதன்று. சந்திரசேகர பண்டிதர் முதலானோர் தொகுத்த "மானிப்பாய் அகராதி" 1842ல் அங்கேதான் அச்சேறியது. ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் கோத்த அப்பெருநூல் அச்சேறிய ஆண்டில், பிற்காலத்து ஆங்கிலப் பேரகராதியின் தொண்டனுக்கு வயது எட்டு. அவ்வயதில் அவன் காதில் விழுந்த தெருமொழி தமிழாகத்தான் இருந்திருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து வேரூன்றிய குடும்பத்தார் இச்செய்தியைப் படித்தால் ஒரு கணம் புருவம் உயர்த்துவர். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் கறக்க வேண்டுவதில்லை. அச்சுக்கூடத்தில் வளர்ந்த பிள்ளை அகராதிக்குத்தான் போவான் என்பது சோதிடமே தவிர உளவியலன்று.

பதினான்காம் வயதில் அமெரிக்கா சென்ற மைனர், யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1863ல் தேறினார். உள்நாட்டுப் போரில் வடவர் படையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். போர் முடிந்த சில ஆண்டுகளில் மனம் தடுமாறியது. 1868ல் வாஷிங்டனிலுள்ள அரசாங்க மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னர்ப் படையினின்று ஓய்வும் ஓய்வூதியமும் பெற்று, 1871ன் இறுதியில் இலண்டன் வந்து லாம்பெத் பகுதியில் அறை எடுத்துத் தங்கினார். 1872 பிப்ரவரி 17ஆம் நாள், விடிய இன்னும் நெடுநேரம் இருக்கையில், மதுவடிசாலைக்கு வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஜார்ஜ் மெரெட் என்னும் ஏழைத் தொழிலாளியைத் தெருவில் துரத்திச் சுட்டுக் கொன்றார். மெரெட்டை மைனர் முன்பின் கண்டதில்லை. தம் அறைக்குள் புகுந்து தம்மைத் தீண்ட வந்த பகைவன் ஒருவன் தப்பி ஓடுவதாகவே அவர் எண்ணினார். மெரெட்டின் மனைவி எலைசாவுக்குப் பிள்ளைகள் ஆறு, வயிற்றில் ஒன்று.

நீதிமன்றம் மைனரைச் சித்தம் கலங்கியவர் என்று கண்டு தண்டனையினின்று நீக்கி, பிராட்மூர் மனையில் காலவரையறையின்றி வைக்கக் கட்டளையிட்டது. 38 ஆண்டுகள் அங்கே கழிந்தன. அகராதியின் ஆசிரியரான ஜேம்ஸ் மர்ரே 1879ல் விடுத்த வேண்டுகோளுக்குப் பின், மைனர் தம் அறையை நூலகமாக்கி, ஏறத்தாழ இருபதாண்டுகள் மேற்கோள்களை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். 1910ல் உள்துறை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் கையொப்பமிட்டு அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். 1920ல் காலமானார்.

இனி நூலுக்கு வருவோம். முதலில் நல்லவை. கொலையுண்டவனை மறவாதிருத்தல் இத்தகைய நூல்களில் அரிது. கொலைஞன் கற்றவனாகவும் விந்தை மனிதனாகவும் இருந்துவிட்டால், செத்தவன் கதையின் முதல் அதிகாரத்தோடு காணாமற் போவான். வின்செஸ்டர் அவ்வாறு விடவில்லை. நூலையே மெரெட்டின் நினைவுக்குப் படைத்திருக்கிறார். அவன் புதைக்கப்பட்ட இடத்தில் கல்லொன்றும் இல்லை என்பதையும் தேடிக் கண்டு எழுதுகிறார். இது மனிதப் பண்பு. மைனர் வேலை செய்த முறையை விளக்கும் பகுதியும் சிறந்தது. பிற தொண்டர் ஒரு நூலைப் படித்து, கண்ணிற்பட்ட அருஞ்சொல்லைச் சீட்டில் எழுதி அனுப்பினர். மைனரோ ஒவ்வொரு நூலுக்கும் தனிச் சொல்லடைவு ஒன்று நுண்ணெழுத்தில் ஆக்கி வைத்துக்கொண்டார். அகராதி நிலையத்தார் இப்போது எச்சொல்லில் இருக்கின்றனர் என்று கேட்டறிந்து, அச்சொல்லுக்கு வேண்டிய மேற்கோளை உரிய நேரத்தில் அனுப்பினார். கடைக்காரன் தன் சரக்கை எல்லாம் வாசலில் கொட்டாமல், கேட்டதை எடுத்துக் கொடுப்பதைப் போன்றது இது. இவ்வளவு ஒழுங்கும் பொறுமையும் உடைய ஒரு மூளை, இரவானதும் தரையடியிலிருந்து ஆட்கள் ஏறி வருவதாக நடுங்கிற்று என்னும் முரணை நூல் தெளிவாகக் காட்டுகிறது.

தொடக்கம் பற்றி மட்டும் ஒரு சொல். மர்ரே, தமக்கு எழுதிவந்த மைனரை ஒரு சீமான் என்றெண்ணிக் காண வந்ததாகவும், மாளிகை போன்ற கட்டடத்துள் புகுந்த பிறகே அவர் கைதி என்றறிந்து திகைத்ததாகவும் பழங்கதை ஒன்றுண்டு. அது 1915ல் பத்திரிகைக்காரர் ஒருவர் பரப்பியது. மர்ரே முன்னதாகவே உண்மையறிந்து 1891லேயே மைனரைக் கண்டுவிட்டார். வின்செஸ்டருக்கு இது நன்கு தெரியும். கட்டுக்கதை என்று ஒரு வார்த்தை சொல்லியும் வைக்கிறார். ஆயினும் அக்கதையைத்தான் மூடுபனியும் வண்டியோசையுமாக முகப்பில் வைத்துச் சொல்லி, உண்மையை வெகுதூரம் தள்ளிப் பிற்பகுதியில் வைக்கிறார். பந்தியில் முதலில் இனிப்பை வைத்துப் பசியை அடக்கிவிட்டுப் பிறகு சோறு போடுவது போன்றது இது. படித்தவர் நினைவில் நிற்பது எது என்பதை நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

இது சிறு குறை. பெருங்குறை, நோயின் காரணத்தைத் தேடும் இடத்தில் இருக்கிறது. மைனரின் உள்ளம் ஏன் கலங்கியது? ஆசிரியர் மூன்று விடைகளைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இளமையில் இலங்கைக் கடற்கரையில் கண்ட பெண்கள் பால் எழுந்த வேட்கையும், கடுஞ்சமயக் குடும்பத்தில் பிறந்ததால் விளைந்த குற்றவுணர்வும் ஒன்று. 1864ல் வில்டர்னஸ் என்னும் காட்டுப் போர்க்களத்தில் கண்ட கோரம் மற்றொன்று. படையை விட்டு ஓடிய ஐரிஷ்காரன் ஒருவன் முகத்தில் காய்ச்சிய இரும்பால் சூடு போடும்படி இளம் மருத்துவரான மைனர் ஏவப்பட்டார் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது காட்சியை நாடகம் போல் விரித்து எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஐரிஷ்காரரே தம்மைப் பழிவாங்க வருவதாக மைனர் அஞ்சியதால், பூட்டுக்குத் திறவுகோல் கிடைத்தது போல் இருக்கிறது.

ஆனால் திறவுகோல் பொருந்துவது போல் தோன்றுவதாலேயே கதவு திறந்துவிடுமா? அக்காட்டுப் போரின் கோரத்தைக் கண்ட படைவீரரும் மருத்துவரும் ஆயிரமாயிரம் பேர். அவருட் பெரும்பாலோர் இத்தகைய மனச்சிதைவுக்கு ஆளாகவில்லை. ஜெர்மன் மனநோய் அறிஞரும் மெய்யியலாளருமான கார்ல் யாஸ்பர்ஸ், 1913ல் வெளியிட்ட தம் பெருநூலில் இரண்டு செயல்களைப் பிரித்துக் காட்டினார். ஒருவன் எண்ணத்தின் பொருளை அவன் வாழ்க்கையைக் கொண்டு புரிந்துகொள்வது ஒன்று. நோய் எதனால் விளைந்தது என்று காரணம் விளக்குவது மற்றொன்று. முன்னதைச் செய்து முடித்துவிட்டு, பின்னதையும் செய்துவிட்டதாக எண்ணுதல் பிழை. நோய் தனக்கு வேண்டிய உடையை வாழ்க்கை என்னும் பெட்டியிலிருந்து எடுத்து அணிகிறது. பெட்டி நோயைப் பெறுவதில்லை.

இதற்குச் சான்று வின்செஸ்டரின் நூலிலேயே இருக்கிறது என்பதுதான் வியப்பு. மைனரின் அச்சங்களை ஆண்டு வரிசையில் வைத்துப் பாருங்கள். முதலில் ஐரிஷ்காரர் வருகின்றனர். பிறகு, நஞ்சு தோய்த்த கருவிகளுடன் தரையடியிலிருந்து யாரோ வருகின்றனர். இருபதாம் நூற்றாண்டு பிறந்து, வானூர்தி பற்றிய செய்தி உலகெங்கும் பரவியதும், இரவோடிரவாகத் தம்மை வானூர்தியில் தூக்கிச் சென்று கான்ஸ்டான்டிநோபிளில் இழிசெயல்களுக்கு ஆளாக்குவதாக முறையிடுகிறார். செய்தித்தாள் மாற மாற அச்சத்தின் வேடமும் மாறுகிறது. அச்சம் மட்டும் மாறவில்லை. ஐரிஷ்காரன் முகத்துச் சூடுதான் நோயின் வேர் என்றால், வானூர்தி எங்கிருந்து முளைத்தது? ஆசிரியர் இரண்டையும் எழுதுகிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

குற்றத்துக்கான உளக் காரணங்கள் எவை என்பது வேறு வினா. நோயின் தோற்றத்தை விளக்க முடியாவிட்டாலும், அந்த இரவு அந்தத் துப்பாக்கி ஏன் வெடித்தது என்பதை ஓரளவு விளக்க முடியும். இக்கால மனநல அறிஞர் இத்தகைய வழக்குகளில் நோக்குவன சில. நோயாளி தன்னை ஒருவர் தாக்க வருவதாக உறுதியாக நம்புகிறானா? அந்நம்பிக்கையோடு அச்சமும் சினமும் சேர்ந்து பொங்குகின்றனவா? உறக்கம் கெட்டிருக்கிறதா? அருகில் உறவினர் உண்டா? குடியோ போதையோ உண்டா? கைக்கெட்டும் இடத்தில் ஆயுதம் இருக்கிறதா? இவ்வினாக்களை 1872ஆம் ஆண்டின் லாம்பெத் அறைக்குக் கொண்டு சென்றால், விடைகள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன. அயல் நாட்டில் தனியன்; இரவில் உறங்காதவன்; தலையணையருகே படைத் துப்பாக்கி. எல்லாவற்றையும் விடக் குறிப்பிடத்தக்கது, கொலைக்கு முன்பே மைனர் ஸ்காட்லாந்து யார்டு போலீசாரிடம் சென்று, ஆட்கள் தம் அறைக்குள் புகுவதாகப் புகார் செய்திருந்தார் என்பது. அவர் பைத்தியம் என்று குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டனர். நோயாளி தானே கதவைத் தட்டியிருக்கிறான், கதவு திறக்கவில்லை. நம் கருத்தில் இந்நூலின் மையமாக இருந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி இதுவே. வின்செஸ்டர் இதற்குச் சில வரிகளே ஒதுக்கியிருக்கிறார், சூட்டுக்கோலுக்குப் பக்கங்கள்.

மனநோயுடையோர் அனைவரும் ஆபத்தானவர் என்று எவரும் இதிலிருந்து முடிவு கட்டலாகாது. அவருட் பெரும்பாலோர் எவர்க்கும் தீங்கிழையாதவர். பிறர் கையில் தீங்குண்பவரே மிகுதி. ஆனால் தீங்கு நேரும் சில இடங்களில், அதற்கு முன் எச்சரிக்கை மணி அடித்திருப்பதுண்டு. அதனைக் கேட்பவர் இல்லாமையே துயரம்.

சட்டத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை கூறுவது பொருந்தும். 1843ல் மக்நாட்டன் வழக்கையொட்டி ஆங்கில நீதிபதிகள் வகுத்த விதியின்படி, பொய்யான நம்பிக்கையின் கீழ்ச் செயற்பட்டவனை, அந்நம்பிக்கை மெய்யாயிருந்தால் எவ்வாறு நோக்குவோமோ அவ்வாறே நோக்க வேண்டும். தன் உயிருக்கு ஒருவன் ஆபத்து விளைவிக்கிறான் என்று நம்பித் தற்காப்புக்காகக் கொன்றவனைத் தண்டிக்கலாகாது. மைனர் வழக்கு அவ்விதிக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்றது. மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாட்டுத் தண்டனைச் சட்டங்களிலும் உள்ள 84ஆம் பிரிவு அந்த ஆங்கில விதியின் வழித்தோன்றலே. ஆனால் தண்டனையினின்று நீங்குவது விடுதலையாகாது. மைனர் தண்டனை பெறவில்லை. 38 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். சிறையிலிருப்பவனுக்கு நாளெண்ணிக்கை உண்டு. இத்தகையோர்க்கு அதுவும் இல்லை. குணமே அவர்களுடைய காலக்கணக்கு. அப்படியாயின், குணப்படுத்தும் முயற்சி நடக்கிறதா என்பதே முதற் கேள்வியாக வேண்டும்.

அக்கேள்வியில்தான் வின்செஸ்டரோடு நாம் வன்மையாக மாறுபடுகிறோம்.

நூலின் இறுதியில் ஆசிரியர் இவ்வாறு எண்ணிப் பார்க்கிறார்: இக்காலத்து மருந்துகள் அன்று இருந்து, மைனர் அவற்றை உண்டு அமைதியுற்றிருந்தால், அகராதிப் பணியில் அவர்க்கு ஊக்கம் இருந்திருக்குமா? சீட்டெழுதும் அவ்வேலையே அவர்க்கு மருந்தாயிருந்தது. ஆகவே அவர்க்குச் சரியான சிகிச்சை கிட்டாமற் போனதற்காக நாம் ஒருவகையில் நன்றியுடையவராக இருக்க வேண்டும். கருத்து இதுதான். படிக்கும்போது இது நயமாக இருக்கிறது. நயத்தை உரித்துவிட்டு உள்ளே பார்த்தால், ஒரு நோயாளியின் நாற்பதாண்டுத் துன்பத்தை நமது புத்தக அலமாரிக்கு உரமாக வைத்துக் கணக்குப் பார்ப்பதாக இருக்கிறது.

முதலாவது, வேலை மருந்தாயிற்று என்பதே ஐயத்துக்குரியது. மருந்தென்றால் நோய் தணிந்திருக்க வேண்டும். இருபதாண்டுப் பணியின்போது பகல்கள் மைனருக்கு ஒழுங்காயின, இது மெய். இரவுகளோ பழைய இரவுகளாகவே இருந்தன. காலையில் எழுந்து, நேற்றிரவு தம்மை இன்னின்னவாறு துன்புறுத்தினர் என்று காவலரிடம் முறையிடுவது ஆண்டுதோறும் தொடர்ந்தது. 1902ல், தம் வேட்கையே தம் துன்பத்துக்குக் காரணம் என்றெண்ணி, மருத்துவர் கையால் தம் உடலையே அறுத்துச் சிதைத்துக்கொண்டார். அகராதிக்கு இருபதாண்டு உழைத்த பிறகு நடந்தது இது. ஒரு மருந்து இருபதாண்டு கொடுத்தும் நோயாளி இந்நிலைக்கு வந்தால், அம்மருந்தைப் புகழ எந்த மருத்துவர் துணிவார்?

வேலை பயனற்றது என்று சொல்ல வரவில்லை. 1863ல் திறக்கப்பட்ட பிராட்மூர், அக்கால அறிவுக்கு எட்டிய வரையில் இரக்கமுள்ள நிலையமே. தோட்டமும் பட்டறையும் ஆட்டமும் பாட்டும் அங்கே இருந்தன. வில்லியம் ஆரஞ்சு, டேவிட் நிக்கல்சன் போன்ற தலைமை மருத்துவர்கள் நோயாளிகளை மனிதராக நடத்தினர். 1895ல் பொறுப்பேற்ற ரிச்சர்டு பிரெயின் கெடுபிடி மிகுந்தவர். வேலை ஒருவனுக்கு நாளின் உருவத்தைத் தருகிறது. தான் இன்னும் பயனுள்ளவன் என்னும் எண்ணத்தைத் தருகிறது. மைனரின் சீட்டுகளுக்கு ஆக்ஸ்போர்டிலிருந்து மதிப்பு மிகுந்த மறுமொழிகள் வந்தன. அவற்றில் அவர் கைதியாக அல்ல, அறிஞராக விளிக்கப்பட்டார். இது சிறிய நன்மையன்று. ஆனால் ஊன்றுகோல் நடக்க உதவும். முறிந்த எலும்பை அது சேர்க்காது.

இன்னொன்றும் உண்டு. ஊன்றுகோலும் எல்லார்க்கும் கிட்டவில்லை. மைனர் படை அதிகாரி, ஓய்வூதியம் உடையவர். பிராட்மூரில் அவர்க்கு இரண்டு அறைகள் தரப்பட்டன. நூல்கள் வாங்கப் பணமிருந்தது. ஏவல் செய்ய மற்றொரு நோயாளி இருந்தான். அவ்வேவலாளனின் நோய்க்கு எந்த அகராதி மருந்தாயிற்று? அடுத்த கட்டடங்களில் இருந்த உழவரும் தையற்காரரும் பிள்ளையைக் கொன்ற தாய்மாரும் இந்நூலில் நிழல்களே. கல்வியும் செல்வமும் உடைய நோயாளியைக் கண்டு நாம் உருகுவது, நோயைக் கண்டா, செல்வத்தைக் கண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி, சரியான சிகிச்சை என்பதுதான் யாது? 1952ல் பாரிசில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளர்க்கு முதன்முதல் பயன்பட்ட பின், உலகெங்கும் மனநோய் மருத்துவமனைகளின் தன்மை மாறிற்று. பிற மருந்துக்கு இணங்காத நோய்க்குக் குளோசபின் பயன்படுகிறது. மருந்து ஓசையைத் தாழ்த்துகிறது. அச்சத்தின் கூர்மையை மழுக்குகிறது. பக்க விளைவுகள் உண்டு. மந்தமும் உடற்பருமனும் நேர்வதுண்டு. இதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் மருந்துண்டவன் எல்லாம் மரக்கட்டையாகிவிடுவான், சிந்தனையற்றுப் போவான் என்று வின்செஸ்டரின் வாதத்துக்கு அடியில் கிடக்கும் எண்ணம் பழைய எண்ணம், பிழையான எண்ணம். இம்மருந்துகளை உண்டுகொண்டே கல்லூரிகளில் கற்பிப்போரும் நூல் எழுதுவோரும் இருக்கின்றனர். இரவில் உறங்க முடிந்திருந்தால் மைனர் பகலில் இன்னும் நன்றாகவே உழைத்திருப்பார் என்று கொள்வதற்கு எது தடை?

மருந்தோடு உரையாடல் வழிச் சிகிச்சையும் சேர்கிறது. நோயாளியின் பொய்ந்நம்பிக்கையோடு வாதாடி வெல்ல முயல்வது வீண். வாதாடுபவனும் பகைவர் கூட்டத்தில் சேர்க்கப்படுவான். தேர்ந்த சிகிச்சையாளர் அவ்வாறு செய்வதில்லை. அந்த இரவு என்ன நடந்தது? எந்த ஓசை கேட்டது? அதற்கு வேறு விளக்கம் ஏதேனும் இருக்கலாமா? இந்த நம்பிக்கையில் உமக்கு எத்தனை பங்கு உறுதி, எத்தனை பங்கு ஐயம்? இவ்வாறு நோயாளியும் அவரும் ஒரு பக்கம் அமர்ந்து, நம்பிக்கையை எதிரே வைத்துச் சான்று தேடுகின்றனர். இதைப் படிக்கும்போது மைனரின் நினைவு வராமற் போகாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் உண்டென்று எவரேனும் கூறினால், நூல் எது, ஆண்டு எது, வரி எது என்று சான்று கேட்டுப் பழகிய மனிதர் அவர். தம் இரவுகளைப் பற்றி அதே கேள்வியைக் கேட்க அவர்க்குக் கைகொடுப்பார் இல்லை. அறிவு மழுங்கியதால் வருவதன்று இந்நோய். அறிவு ஒரு திசையில் மட்டும் தன் துலாக்கோலைக் கீழே வைத்துவிடுகிறது.

குற்றம் புரிந்த நோயாளிக்கு இதற்கு மேலும் ஒரு கட்டம் உண்டு, அதுவே கடினமானது. நோய் தணியத் தணிய, தான் செய்தது என்ன என்று அவன் உணரத் தொடங்குகிறான். பகைவன் என்று எண்ணிச் சுட்டது ஆறு பிள்ளைகளின் தந்தையை என்று தெளிவு பிறக்கும் நாள் ஆறுதல் தரும் நாளன்று. தற்கொலை எண்ணம் தலைதூக்கும் காலம் அது. அப்பொழுது உடனிருந்து, அந்நிகழ்ச்சியை அவன் வாயாலேயே சிறிது சிறிதாகப் பேசவைத்து, மறைக்காமலும் நொறுங்காமலும் அதைத் தாங்கப் பழக்குவதே இக்காலச் சிகிச்சையின் உயிர்நிலை. மைனரோ, நோய் நீங்காமலே தம் செயலுக்கு வருந்தினார். மெரெட்டின் மனைவிக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தார். அவளும் சில ஆண்டுகள் கழித்துப் பிராட்மூருக்கு வந்து அவரைக் கண்டாள். சில திங்கள் தொடர்ந்து வந்தாள். அவர் கேட்ட நூல்களை இலண்டன் கடைகளில் வாங்கி வந்து கொடுத்தாள். கணவனைக் கொன்றவனுக்குப் புத்தகச் சுமை தூக்கி வந்த அந்த ஏழைப் பெண்ணின் உள்ளம் எத்தகையது! இவ்விருவர் சந்திப்புக்கு எந்த மருத்துவரும் முன்னேற்பாடு செய்ததாகவோ, பின்னர் அவளைத் தேற்றியதாகவோ நூலில் செய்தியில்லை. வருகை நின்றது; அவள் குடியில் வீழ்ந்தாள் என்று ஆசிரியர் எழுதுகிறார். அவ்வளவுதான்.

இலக்கியம் சிகிச்சைக்கு உதவுமா என்று கேட்பார்க்கு அதே பிராட்மூரிலிருந்து வேறொரு சான்று காட்டலாம். 1970 முதல் அங்கே உளச்சிகிச்சை மருத்துவராயிருந்த மர்ரே காக்ஸ், ஷேக்ஸ்பியர் நாடகங்களை அந்த மதிலுக்குள் வரவழைத்தார். 1989ல் ராயல் ஷேக்ஸ்பியர் குழுவினர் "ஹாம்லெட்" நாடகத்தை நோயாளிகள் முன்னிலையில் நடித்தனர். தந்தையை, தாயை, மனைவியைக் கொன்றோர் அவ்வவையில் இருந்தனர். நாடகம் முடிந்தபின் நடிகரும் நோயாளரும் அமர்ந்து பேசினர். காக்ஸ் இவற்றைத் தொகுத்து 1992ல் ஒரு நூலாக வெளியிட்டார். நாடகம் நோயைத் தீர்த்தது என்று அவர் பறைசாற்றவில்லை. சொல்ல வாயெழாத ஒன்றுக்கு மேடையில் சொல் கிடைக்கிறது என்றும், அச்சொல்லைப் பற்றிக்கொண்டு சிகிச்சையைத் தொடரலாம் என்றுமே கருதினார். வின்செஸ்டர் நூலில் இலக்கியப் பணி நோயாளியிடமிருந்து உலகத்துக்குப் பயன் பெறுகிறது. காக்ஸ் நூலில் இலக்கியம் நோயாளிக்குப் பயன் தருகிறது. விற்பனையில் முன்னது மலை, பின்னது மடு.

2019ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கொலைஞனுக்கும் கொலையுண்டவன் மனைவிக்கும் காதல் மலர்ந்ததாக ஒரு கதை புனைந்து, மைனர் தம்மைச் சிதைத்துக்கொண்டதற்கு அக்காதலின் குற்றவுணர்வே காரணம் என்று காட்டிவிட்டனர். நோயின் கொடுமை காதலின் கொடுமையாயிற்று. எலைசாவின் மன்னிப்பு காதலாக மாறினால்தான் மக்கள் நம்புவர் என்று எண்ணினர் போலும்.

பித்தையும் மேதைமையையும் ஒரே தட்டில் வைத்து மயங்குவது மேல்நாட்டார் மட்டும் செய்யும் பிழையன்று. இறைவனையே பித்தன் என்று விளித்த மரபு நம்முடையது. பெரிய எழுத்தாளர் ஒருவர் தம் புனைபெயரிலேயே பித்தைச் சேர்த்துக்கொண்டார். அச்சொல்லுக்கு நம்மிடையே ஓர் ஒளிவட்டம் உண்டு. ஆனால் மெய்யான நோயாளி வீட்டில் இருந்தால் ஒளிவட்டம் மறைந்துவிடும். மந்திரிப்பும் பூட்டிய அறையும் அண்டை வீட்டார்க்குச் சொல்லும் பொய்யுமே மிஞ்சும். மலேசியாவில் தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊரின் பெயரே ஏச்சுச் சொல்லாகிவிட்டது. 1911 முதல் அங்கே இயங்கிவரும் மருத்துவமனைக்கு மகிழ்ச்சி என்று பொருள்படும் "பாகியா" என்னும் பெயரைச் சூட்டிய பின்னரும் அவ்வேச்சு ஓயவில்லை. போற்றுதலும் ஏசுதலும் இங்கே ஒன்றுதான். இரண்டும் நோயாளியை அருகில் சென்று பாராதிருக்க உதவுகின்றன. வின்செஸ்டரின் நூல் போற்றுதலின் பக்கம் சாய்ந்தது.

இவ்வளவு குறை கூறியும், இந்நூலைப் படிக்க வேண்டா என்று நாம் சொல்லவில்லை. அகராதி உருவான வரலாற்றுப் பகுதிகள் தமிழ்ப் பேரகராதிப் பணியில் ஈடுபாடுடையார் அனைவரும் படிக்கத்தக்கவை. எவரேனும் இதனைத் தமிழில் பெயர்க்க முற்படுவாராயின் இரண்டு வேண்டுகோள்கள். அமெரிக்கப் பதிப்பின் தலைப்பை விட்டு, பிரிட்டிஷ் பதிப்பின் தலைப்பையே கொள்க. நோயாளியைப் பைத்தியக்காரர் என்று அட்டையில் அச்சடிப்பதற்கு இன்று நியாயமில்லை. மானிப்பாய் அச்சுக்கூடம் வரும் இடத்தில், 1842ஆம் ஆண்டு அங்கே அச்சான தமிழ் அகராதியைப் பற்றியும் சந்திரசேகர பண்டிதரைப் பற்றியும் ஓர் அடிக்குறிப்புச் சேர்க்க.